ஏரி இருந்தா ஏர் இருக்கும்: இளையோருக்கான ஒரு சூழல் பாடம்



சுற்றுச்சூழலைக் காப்பாத்தணும்னு சொன்னா நம்மில் பலருக்கு ரெண்டு காட்சிதான் மனசுல வரும். ஒண்ணு, எங்கேயோ துருவத்தில் உருகுகிற பனி. இன்னொண்ணு, பள்ளிக்கூட வாசலில் மரக்கன்று நட்டு எடுத்துக்கிற போட்டோ. ரெண்டுமே தேவையான விஷயம்தான். ஆனா அங்கிருந்து தொடங்கினா பாடம் மனசில் ஒட்டாது. அதனால நம்ம ஊர் ஏரியிலிருந்து தொடங்குவோம். கண்மாய், குளம், தாங்கல், ஏந்தல்னு உங்க பக்கத்தில் எந்தப் பேர் சொன்னாலும் சரி, பாடம் ஒண்ணுதான்.

ஏன் ஏரி? இயற்கை வழியில் பண்ணையம் செய்கிற ஒருவர் தன் நிலத்தில் ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் இன்றைக்கே நிறுத்திவிடலாம். அது அவர் கையில் இருக்கு. ஆனா அவர் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் அவர் நிலத்தில் பெய்த மழை மட்டும் இல்லை. அவர் வயலில் புழுவைப் பிடிக்கிற பறவை அவர் வயலில் மட்டும் வாழ்வதில்லை. தவளை, தட்டான், தேனீ எதுவும் பட்டா பார்த்து வருவதில்லை. வரப்புக்கு வெளியே இருப்பதெல்லாம் கெட்டுப்போனால், வரப்புக்கு உள்ளே எவ்வளவு அமுதக்கரைசல் தெளித்தாலும் ஓரளவுக்கு மேல் பலன் கிடைக்காது. ஆக, சூழலைக் காப்பது உழவரைப் பொறுத்தவரை தனிச் சேவை கிடையாது. களையெடுப்பு, நீர் பாய்ச்சுவது மாதிரி அதுவும் பண்ணைய வேலையில் ஒண்ணு. இந்தப் பாடத்தின் மையம் இதுதான்.

பறவையைக் காத்த ஊர்கள்

இதை நம்ம முன்னோர் நமக்கு முன்னாடியே புரிஞ்சு வெச்சிருந்தாங்க. செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு அது சுற்றுலா போகிற பறவைகள் சரணாலயம். ஆனா அதன் தொடக்கம் உழவர்களுடையது. 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, செங்கல்பட்டு கலெக்டரிடம் போய்ப் பறவைகளைப் பாதுகாக்க எழுத்து மூலம் உத்தரவு வாங்கினார்கள். வனத்துறையும் சுற்றுச்சூழல் சட்டமும் இல்லாத காலம் அது.

அவங்க ஏன் அவ்வளவு தூரம் போனாங்க? பறவை மேல் இருந்த பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம் வயல். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும். அவற்றின் எச்சம் தண்ணீரில் விழும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்தத் தண்ணீர் மதகு வழியா வயலுக்குப் பாயும்போது எருவும் சேர்ந்தே பாய்கிறது. பறவை போனால் எரு போகும் என்பது அந்த ஊர் உழவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளம் இருக்கு. அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. கோடையில் குளம் வற்றியதும் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவார்கள். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூட்டில் இருக்கும் குஞ்சுகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறார்கள். வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பெயர்ப் பலகை நிற்பதற்கு அடிப்படை, படிக்காத உழவர்கள் போட்ட ஊர்க்கட்டுப்பாடு.

"ஏண்ணே, பறவைக்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கிற தம்பிகளுக்கு இந்த மூணு ஊரும் பதில்.

ஏரி என்பது எதெல்லாம் சேர்ந்தது?

ஏரின்னா தண்ணி நிக்கிற பள்ளம் என்று மட்டும் நினைத்தால் அதைக் காப்பாற்ற முடியாது. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வோம்.

முதலில் நீர்ப்பிடிப்பு. மழை விழுந்து ஓடிவருகிற மேட்டுநிலம், மேய்ச்சல் புறம்போக்கு, காடு, மானாவாரிக் கொல்லை எல்லாம் இதில் சேரும். அடுத்தது வரத்துக்கால். ஓடிவரும் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால் இது. மூன்றாவது கரை. நான்காவது நீர் நிற்கும் உட்பரப்பு. ஐந்தாவது மதகு அல்லது மடை. வயலுக்குத் தண்ணீர் விடுவது இதன் வழியாகத்தான். ஆறாவது கலிங்கு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். ஏழாவது மறுகால். கலிங்கில் வழிந்த தண்ணீர் இதன் வழியாகக் கீழே உள்ள ஏரிக்குப் போகும். மேல் ஏரியின் மறுகால்தான் பல ஊர்களில் கீழ் ஏரியின் வரத்துக்கால். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக இருக்கின்றன என்று சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றில் பல இன்றைக்குத் தண்ணீர் இல்லாமல் கிடக்கக் காரணம் மழை குறைந்தது மட்டும் அல்ல. கரை நன்றாக இருக்கும், மதகும் இருக்கும், ஆனா வரத்துக்கால் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு மனைப்பிரிவு வந்திருக்கும், அல்லது ஒரு சாலை குழாய்ப்பாலம் இல்லாமல் போடப்பட்டிருக்கும், அல்லது பக்கத்து வயல்காரர் வருஷத்துக்கு ஒரு முழம் என்று வரப்பைத் தள்ளிவைத்திருப்பார். இதயம் நல்லாத்தான் இருக்கு, ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சு என்கிற நிலைமை.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா ஊருக்கும் பாதிப்பு. வறட்சியில் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வராது. பெருமழையில், போக வழியில்லாத தண்ணீர் ஊருக்குள்ளே போகும். 2015 டிசம்பரில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் வந்த வெள்ளத்தை எல்லோரும் பார்த்தோம். அதன் காரணங்களில் ஒன்று, தண்ணீரின் இடத்தில் கட்டிடங்கள் எழுந்ததுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பாடம்னா கணக்கு இல்லாமல் எப்படி? ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் ஒரு ஏக்கரில் ஒரு வருஷத்தில் விழுகிற தண்ணீர் 36 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் 360 லாரி. ஒரு ஏக்கருக்கு மட்டும்!

இந்த மழையில் கிட்டத்தட்ட பாதி, வடகிழக்குப் பருவத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் வந்துவிடுகிறது. அதுவும் ஒரே சீராக வராது. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும். சில நாளில் வருவதைப் பிடித்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளத்தான் ஏரி என்ற ஏற்பாடே.

இன்னொரு கணக்கு. ஏரியில் ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு வண்டல் படிந்திருக்கு என்று வையுங்கள். அதை எடுத்தால் சுமார் 1,230 கன மீட்டர் மண் கிடைக்கும். மண் இருந்த இடத்தில் இனி 12 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். எடுத்த வண்டல் வயலுக்கு உரம், எடுத்த இடம் தண்ணீருக்கு வீடு. ஒரே வேலையில் ரெண்டு பலன்.

அந்த வண்டல் யாருடைய மண்? நம்ம மண்தான். மேலே உள்ள கொல்லையில் மூடாக்கு இல்லாமல், வரப்பு இல்லாமல், வெறும் நிலமாகக் கிடந்தபோது மழை அடித்துக்கொண்டு வந்த மேல்மண். ஆகவே ஏரியில் வண்டல் சேராமல் தடுக்கிற வேலை ஏரியில் இல்லை, நீர்ப்பிடிப்பில் இருக்கும் கொல்லைகளில் இருக்கு. சரிவுக்குக் குறுக்கே உழவு, பலதானிய விதைப்பு, மூடாக்கு, வரப்போரம் வெட்டிவேர் என்று நாம் இயற்கை வேளாண்மையில் செய்வதெல்லாம் ஏரிக்குச் செய்யும் சேவையும் ஆகும். மட்கு நிறைந்த மண் மழையை உள்ளே விடும். வெறும் மண் மேலே ஓடு கட்டி, தண்ணீரை வெளியே தள்ளும்.

வயலில் போடுவது எங்கே போகிறது?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நெல் வயலில் அதைக் கொட்டினால் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவுதான். மிச்சத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போகும், ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும், ஒரு பங்கு வடிகால் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். அங்கே பாசியும் ஆகாயத்தாமரையும் செழித்து வளரும். அவை அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீருக்குள்ளே மூச்சு முட்டுது என்று அர்த்தம்.

பூச்சிக்கொல்லி கதை இதைவிட மோசம். தெளித்த மருந்து தத்துப்பூச்சியை மட்டும் தேடிப்போய்க் கொல்வதில்லை. தத்துப்பூச்சியைத் தின்னும் சிலந்தி, தட்டான், தவளைக்குஞ்சு எல்லாவற்றையும் கொல்லும். தவளைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லலாம். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக் கால்கள் வெளிநாட்டுக்குச் சாப்பாட்டுக்காகப் பெருமளவில் ஏற்றுமதி ஆயின. வயலில் தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்ற கவலை வலுத்து, கடைசியில் 1987-ல் அந்த ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. தவளை விற்ற காசைவிடத் தவளை செய்கிற வேலை பெரிது என்று ஒரு நாடே ஒத்துக்கொண்ட கதை அது. பிடித்து விற்பதைத் தடுத்தோம் சரி, மருந்தடித்துக் கொல்வதை யார் தடுப்பது? அது நம்ம கையில்தான் இருக்கு.

சரி, இளையோர் என்ன செய்யலாம்?

இங்கேதான் பலபேர் தடுமாறுகிறார்கள். ஒரு நாள் உற்சாகத்தில் நாற்பது பேர் கூடுவார்கள், பேனர் கட்டுவார்கள், குப்பை பொறுக்குவார்கள். அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள். ஏரிக்குத் தேவை ஒரு நாள் கூட்டம் இல்லை. நாலு பேர் சேர்ந்து வருஷம் பூராவும் செய்கிற சின்னச் சின்ன வேலை. அப்படிச் செய்யக்கூடிய ஏழு வேலைகளைப் பார்ப்போம்.

ஒன்று: நடந்து பாருங்க. கலிங்கிலிருந்து தொடங்கி, கரை முழுக்க நடந்து, வரத்துக்கால் வழியாக நீர்ப்பிடிப்பு மேடு வரைக்கும் போங்க. எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு, எங்கே குப்பை என்று ஒரு தாளில் குறிங்க. கூடவே ஊரில் மடை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்க. நீர்க்கட்டி, மடையர், நீராணி என்று ஊருக்கு ஒரு பேரில் இருந்தவர்கள் அவர்கள். எந்த மடையை எந்த மாதம் திறக்கணும், எந்தப் பக்கம் தண்ணீர் முதலில் ஏறும் என்பதெல்லாம் அவங்க நினைவில்தான் இருக்கு, எந்த அலுவலகத்திலும் இல்லை. அவங்க பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்து வையுங்க. அவங்களுக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

ரெண்டு: ஆவணத்தை எடுங்க. கிராம வரைபடத்திலும் அ-பதிவேட்டிலும் ஏரி, வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் புல எண்ணும் பரப்பும் இருக்கும். புலப்படத்தை வைத்து, வாய்க்கால் எத்தனை மீட்டர் அகலம் இருக்கணும் என்று தெரிந்துகொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். கிடைக்கவில்லை என்றால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். கணினி தெரிந்த பிள்ளைகள் ஊரில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

மூணு: அளந்து எழுதுங்க. நேரான பக்கச் சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்க. தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேல் வைத்து அளந்தால், அதுதான் மழை அளவு. மாதத்தின் முதல் நாள் நாலைந்து கிணறுகளில் கயிறு விட்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று குறிங்க. ரெண்டு வருஷம் இப்படி எழுதினால், ஏரி நிரம்பிய வருஷத்தில் எந்தக் கிணறு எவ்வளவு ஏறியது என்பது கையில் இருக்கும். "ஏரி ரொம்பினா எனக்கென்ன லாபம்?" என்று கேட்கிற கிணற்றுப் பாசனக்காரருக்கு அந்த நோட்டைக் காட்டினால் போதும்.

நாலு: உயிர்களைப் பதிவு செய்யுங்க. என்னென்ன பறவை, மீன், மூலிகை, மரம் உங்க ஏரியில் இருக்கு என்று எழுதுங்க. 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்கணும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்கணும். இந்தப் பதிவுக்கு என்ன பலம் என்பதற்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி ஓர் எடுத்துக்காட்டு. மலைகளும் சுனைகளும் கண்மாய்களும் பழங்காலக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் சேர்ந்த அந்த இடம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தபோது, மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது. கிராம சபைகளில் தீர்மானம், மதுரை நோக்கிப் பேரணி என்று மக்கள் விடாமல் நின்றார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மக்களின் ஒற்றுமைதான் வென்றது. ஆனா அந்த மண்ணில் என்ன இருக்கு என்பது முன்கூட்டியே எழுத்தில் இருந்தது அவங்க கையில் ஓர் ஆயுதம்.

அஞ்சு: கிராம சபையில் பேசுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் நம்ம மாநிலத்தில் கிராம சபை கூட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி, ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். "ஏரியைக் காப்பாத்துங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. இந்தப் புல எண் வாய்க்காலில் இந்த இடத்தில் இத்தனை மீட்டர் அடைப்பு, இதை இந்த மாதத்துக்குள் சரி செய்யணும் என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்க. நீங்க நடந்து எழுதிய தாளும் எடுத்த வரைபடமும் இங்கேதான் உதவும்.

ஆறு: மரத்தைத் தெரிஞ்சு வெட்டுங்க, தெரிஞ்சு நடுங்க. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்கணும். ஆனா நாட்டுக்கருவேல மரத்தைச் சீமைக்கருவேலம் என்று நினைத்து வெட்டிவிடாதீங்க. நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாதிரி இடுக்கு விட்டு இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளக் கதிராக இருக்கும், காய் புளியங்காய் மாதிரி சதைப்பற்றாக இருக்கும். பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் எந்த மரத்தையும் தொடாதீங்க. கரையின் வெளிச்சரிவின் அடியில் பனை விதை ஊன்றலாம். ஆவணி, புரட்டாசியில் விதை பொறுக்கி, பத்தடிக்கு ஒன்றாக, பருவமழைக்கு முன் புதைத்தால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். காய்ப்பைப் பார்க்க பல வருஷம் ஆகும். ஊன்றுகிறவருக்கு அல்ல, அடுத்து வருகிறவருக்கு.

ஏழு: சொந்த நிலத்தில் தொடங்குங்க. முழு நிலத்தையும் அப்பா கொடுக்கமாட்டார். பரவாயில்லை, இருபத்தஞ்சு சென்ட் கேளுங்க. அதில் நஞ்சில்லாமல் ஒரு பாரம்பரிய நெல்லோ சிறுதானியமோ போடுங்க. அந்த மூலையில் தவளைச் சத்தம் திரும்பி வருவதை வீட்டில் இருப்பவர்கள் கேட்கட்டும். ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட அது அதிகம் பேசும்.

செய்யக்கூடாதவை

ஆர்வத்தில் செய்யும் சில வேலைகள் ஏரிக்குக் கேடாக முடியும். வண்டல் எடுக்க வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் ஒரே இடத்தில் ஆழக்குழி தோண்டக்கூடாது, கரையை ஒட்டியும் மதகை ஒட்டியும் தோண்டவே கூடாது. கரை பலவீனமாகும், மதகுக்குத் தண்ணீர் ஏறாது, குளிக்கப் போகிற பிள்ளைகள் குழியில் சிக்குவார்கள். வண்டல் என்ற பேரில் செம்மண்ணும் கிராவலும் செங்கல் சூளைக்குப் போகிறதா என்றும் கவனிங்க. ஏரிக்கு நடுவே மண்மேடு, நடைபாதை, அலங்கார விளக்கு என்று போட்டு அதைப் பூங்கா ஆக்குவதும் ஏரிப் பாதுகாப்பு ஆகாது. எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணாதீங்க, மூணாவது வருஷம் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எண்ணுங்க.

கஷ்டமான ஒரு கேள்வி

ஒரு விஷயத்தை மறைக்காமல் பேசணும். வாய்க்காலை ஆக்கிரமித்திருப்பவர் எப்போதும் வெளியூர் முதலாளியாக இருக்கமாட்டார். பல இடத்தில் அவர் நம்ம சித்தப்பா, மாமன், பக்கத்து வீட்டு அண்ணன். அவரும் ரெண்டு ஏக்கர் சிறு உழவர்தான். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கு, உயர்நீதிமன்ற உத்தரவுகளும் இருக்கு. ஆனா ஒரு இளைஞன் எடுத்த எடுப்பில் சொந்தக்காரர் மேல் மனு கொடுத்தால் ஊர் ரெண்டாகப் போகும், ஏரி வேலையும் அதோடு நிற்கும்.

அதனால் முதலில் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்க. "மாமா, உங்க வயலுக்கு மேலே இருக்கிறவங்களும் வாய்க்காலை விடணும், நீங்களும் விடணும். எல்லாரும் ஒரே நாள்ல அளந்து விட்டுடுவோம்" என்று பேசுங்க. ஒருவரை மட்டும் குறிவைத்தால் பகை. வாய்க்கால் முழுக்க ஒரே அளவுகோல் வைத்தால் அது ஊர்வேலை. குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்தது இதைத்தான். வீட்டுக்கு ஓர் ஆள், நிலத்துக்கு ஏற்ற உழைப்பு, மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாருதல். 1858-ல் ஆங்கில அரசு அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. கட்டாயத்தால் அது தழைத்ததாக வரலாறு இல்லை. தன் ஏரி என்ற எண்ணம் இருந்தவரைதான் அது நடந்தது. பேசியும் கேட்காதவர், பணபலத்தோடு வளைத்துப்போட்டவர் என்றால், அப்போது கிராம சபை, மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம், சட்டம் என்று வரிசையாகப் போகத்தான் வேண்டும். தனியாகப் போகாதீங்க, பத்து கையெழுத்தோடு போங்க. பெண்களின் கையெழுத்து அதில் கட்டாயம் இருக்கட்டும். கிணறு வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் நடப்பது அவங்கதான்.

இதெல்லாம் எதற்காக? ஊரை விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்து "விவசாயத்துக்கு யாரும் வரமாட்டேங்கறாங்க" என்று குறைப்படுகிறோம். வற்றிய கிணற்றையும் கடனையும் கொடுத்துவிட்டு வா என்றால் எப்படி வருவார்கள்? தண்ணீர் நிற்கும் ஏரியும் உயிருள்ள மண்ணும் இருந்தால், வரச்சொல்லி நாம் கெஞ்ச வேண்டியதில்லை. இளையோர் சூழலைக் காப்பது ஊருக்குச் செய்யும் உதவி மட்டும் இல்லை. நாளைக்கு அவங்களே உட்கார்ந்து சாப்பிடப் போகிற இலையை இன்றைக்குக் கழுவி வைப்பது.

இந்த மாதப் பயிற்சி

1. உங்க ஏரியின் பெயர், புல எண், பரப்பு என்ன?

2. அதற்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது? மறுகால் எந்த ஏரிக்குப் போகிறது?

3. ஏரி கடைசியாகக் கலிங்கு வழிந்தது எந்த வருஷம்? மூணு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்க.

4. ஒரு காலை நேரத்தில் அரை மணி கரையில் உட்கார்ந்து, பார்த்த பறவைகளின் பேரை எழுதுங்க. பேர் தெரியாததை உங்க பாட்டியிடம் கேளுங்க.

5. வரத்துக்காலில் உங்க நாலு பேரால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்யக்கூடிய அடைப்பு எது?

ஐந்தாவது கேள்விக்கு விடையைத் தாளில் எழுத வேண்டாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போங்க. மழைக்காலம் வருவதற்குள் அதை முடித்துவிடுங்க.